கதவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்: விமானப் பணியாளரிடம் சில கேள்விகள்

நான் பல வருடம் கேபின் க்ரூவில் வேலை பார்த்துவிட்டு இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேராவது திருவனந்தபுரம் போய் வளைகுடா விமானம் ஏறியவர்கள். பைலட்டுக்கும் பணிப்பெண்களுக்கும் நடுவில் பேச்சு தவறினால் என்ன ஆகும் என்று கேட்கலாம் என்றேன். வந்தவற்றில் சில இங்கே.

குளச்சலில் இருந்து ஒருவர்: வள்ளத்தில் அணியத்தில் நிற்கிறவன் சத்தம் போட்டாலும் பின்னால் எஞ்சின் பிடிக்கிறவனுக்குக் கேட்காது. கையைக் காட்டுவோம். நீங்க என்ன செய்வீங்க?

கை காட்ட வழியில்லையே அண்ணே, நடுவில் பூட்டிய கதவு. வாசல்களின் பக்கத்தில் இண்டர்காம் போன் தொங்கும், அதில்தான் எல்லாம். சாதாரண அழைப்புக்கு ஒரு மணியோசை, அவசரத்துக்கு வேறு ஓசை. அவசரம் என்றால் கேப்டன் நாலு விஷயம் சொல்வார்: என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறது, தனியாக ஏதும் செய்ய வேண்டுமா. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் ஏதாவது தப்பாகக் காதில் விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

தக்கலை: கதவு பூட்டியிருப்பது நல்லதுதானே?

கடத்தலைத் தடுக்க நல்லதுதான். 2001 செப்டம்பருக்குப் பிறகுதான் கதவுகள் இவ்வளவு கெட்டியாயின. ஆனால் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் குறைந்துபோனது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸில் இருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் நிறுவன விமானத்தில், உள்ளே காற்றழுத்தத்தைக் கவனிக்கும் சுவிட்ச் தானியங்கி நிலைக்கு மாற்றப்படவில்லை. எச்சரிக்கை மணியை பைலட்டுகள் வேறு ஏதோ என்று நினைத்தார்கள். கேபினில் ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்துவிட்டன, விமானமோ ஏறிக்கொண்டே இருந்தது, காற்று போதாமல் முன்பக்கம் பைலட்டுகள் இரண்டு பேரும் மயங்கிவிட்டார்கள். 121 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. முகமூடி விழுந்தால் விமானம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை, காக்பிட்டில், அதாவது பைலட் அறையில் இருந்து சத்தமும் இல்லை என்றால் உடனே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: பேசாமல் இருந்ததால் மட்டும் விமானம் விழுமா அக்கா? நம்ப முடியலை.

பேசாதது மட்டும் காரணமாக இருக்காது தம்பி. தப்பு வேறு எங்கோ நடக்கும், அதைத் திருத்தக் கிடைத்த கடைசி வாய்ப்பு பேசாததால் போகும்.

1989 ஜனவரி 8, லண்டனில் இருந்து பெல்ஃபாஸ்ட் போன போயிங் 737-400. இடது எஞ்சினில் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. அதிர்வு, புகை. பைலட்டுகள் கோளாறு வலது எஞ்சினில் என்று முடிவுசெய்து, நன்றாக ஓடிய வலதை அணைத்தார்கள். அந்த நேரம் பார்த்து அதிர்வும் குறைந்தது, அதனால் செய்தது சரி என்று நம்பிவிட்டார்கள். கேப்டன் ஒலிபெருக்கியில், வலது எஞ்சினில் கோளாறு, அணைத்துவிட்டோம் என்றார். பின்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களோ இடது எஞ்சினில் தீப்பொறி பறந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். கேபின் ஊழியர்களிலும் மூன்று பேர் பார்த்திருந்தார்கள், ஆனால் 'வலது' என்று அவர் சொன்னதை அவர்கள் கவனிக்கவில்லை. பயணிகளில் சிலருக்குக் குழப்பம் இருந்தது. 'கேப்டனுக்குத் தெரியாததா' என்று இருந்துவிட்டார்கள்.

காக்பிட்டில் உட்கார்ந்தால் எஞ்சின் கண்ணுக்குத் தெரியாது. மீட்டர்தான் தெரியும். பார்த்தவர் பின்னால், முடிவெடுப்பவர் முன்னால். பழுதான எஞ்சினோடு இறங்கப் பார்த்த விமானம் கெக்வொர்த் ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலைக் கரையில் மோதி, 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

நாகர்கோவில், நர்சிங் படிக்கும் பெண்: எங்க வார்டில் சீனியர் இருக்கும்போது வாய் திறக்கவே பயமா இருக்கும். உங்களுக்கும் அப்படியா?

அப்படித்தான் மக்களே. அதே 1989, மார்ச் 10. கனடாவில் டிரைடன் என்ற சின்ன ஊர். ஃபோக்கர் விமானம் கிளம்பக் காத்திருக்கும்போது பனி கொட்டுகிறது. நாம் பனிமூட்டத்தை மட்டும் பார்த்தவர்கள், ஆனால் இறக்கையில் உறைபனி படிந்தால் விமானத்தைத் தூக்கும் விசையே போய்விடும். மருந்து தெளித்து அகற்றலாம், அதற்கு எஞ்சினை நிறுத்த வேண்டும். விமானத்தின் துணை மின்பொறி பழுது, எஞ்சினை நிறுத்தினால் திரும்ப ஓடவைக்கும் கருவி அந்த ஊரில் இல்லை. இறக்கையில் பனி இருந்ததைப் பணிப்பெண் பார்த்தார். பயணிகளாக வந்திருந்த வேறு இரண்டு பைலட்டுகளும் பார்த்தார்கள். மூன்று பேருமே சொல்லவில்லை. விமானம் மேலே ஏற முடியாமல் காட்டுக்குள் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். ஊழியர்களில் பிழைத்தது அந்தப் பணிப்பெண் ஒருவர்தான். பறப்பது சம்பந்தமாகப் பணிப்பெண் சொல்வதை பைலட்டுகள் விரும்புவதில்லை என்ற எண்ணம்தான் தன்னைத் தடுத்தது என்று விசாரணையில் சொன்னார்.

என்னைக் கேட்டால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த எண்ணத்தை அவர் மனதில் யார் விதைத்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும். இப்போது பைலட்டுகளையும் கேபின் ஊழியர்களையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்துப் பயிற்சி தருகிறார்கள். ஆனால் கிளம்பும் முன் நடக்கும் கூட்டத்தில் கேப்டன் எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் பாதி இருக்கிறது. 'சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புதுப்பெண்கூட அன்றைக்கு போனை எடுப்பாள்.

குழித்துறை: மொழிதான் பிரச்சினையா?

சில நேரம். பெரும்பாலும் இல்லை. ஒரே ஊர்க்காரர்களும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

கருங்கல், வளைகுடாவில் வேலை: இறங்கும் நேரத்தில் பைலட்டைக் கூப்பிடக் கூடாதாமே?

10,000 அடிக்குக் கீழே பறப்புக்குத் தேவையில்லாத பேச்சு கூடாது என்று அமெரிக்கா 1981-ல் விதி போட்டது. 1974-ல் சார்லட் நகரில் இறங்கும்போது பைலட்டுகள் அரட்டையில் இருக்க, விமானம் விழுந்தது அதற்கு ஒரு காரணம். பிறகு மற்ற நாடுகளிலும் வழக்கமானது. காபி வேண்டுமா என்று அப்போது கேட்கக் கூடாது, சரி. புகை வந்தால் கூப்பிட வேண்டும். 'எதற்குமே கூப்பிடக் கூடாது' என்று சிலர் எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

அதே நண்பர்: சன்னல் பக்கம் ஏதாவது பார்த்தால் நாங்க சொல்லலாமா? கிண்டல் பண்ண மாட்டாங்களா?

சொல்லுங்கள். கிண்டல் செய்தால் அது அவர்கள் பிழை. ஆனால் 'இடது பக்கம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் இருக்கைகளில் சில பின்பக்கம் பார்த்து இருக்கும், அதில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் இடது அவருடைய வலது. இருக்கை எண்ணையும் எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: '23 ஏ சன்னலில் இருந்து பார்த்தேன், எஞ்சினின் பின்பக்கம் தீப்பொறி' என்று. ஏ எழுத்து இருக்கை என்றால் அது விமானத்தின் இடது பக்கம், யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் மாறாது. அதை அப்படியே போனில் சொல்லிவிடுவோம்.