இயந்திரத்தை இயக்கும் முன்பே அதன் மென்பொருளைக் கணினியில் சோதிப்பது ஏன்?

ஓர் இயந்திரம் எப்போது நகர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அதன் கட்டுப்பாட்டு மென்பொருள். அதை உண்மையான இயந்திரத்தில் இணைக்கும் முன், கணினிக்குள் அமைத்த மாதிரி இயந்திரத்தோடு இணைத்து ஓட்டிப் பார்ப்பதே மெய்நிகர்ச் சோதனை. கட்டளைக்கு ஏற்ப மாதிரி நகர்ந்து, இயந்திரத்தின் நிலையை அறிந்து சொல்லும் உணரிகளை (சென்சார்களை) போலவே பதிலும் அனுப்புவதால், மென்பொருளுக்கு வேறுபாடு தெரியாது.

விளக்கத்துக்காக மட்டும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி, கப்பலுக்கு வழிவிட 17 மீட்டர் உயர்கிறது. இப்படிப்பட்ட பாலத்தில், பூட்டு விடுபட்டதாக ஓர் உணரி தவறாகச் சொன்னால் என்னாகும்? ஒரு முனை மட்டும் முந்தி உயர்ந்தால்? பாதியில் மின்சாரம் போனால்? இவற்றை உண்மையான எஃகின் மீது வரவழைத்துப் பார்க்க யாரும் துணியமாட்டார்கள். கணினியிலோ ஒரே பிற்பகலில் இருபது முறை வரவழைக்கலாம். என் கருத்தில், இம்முறையின் பெரும் மதிப்பு இதுதான். நேரமும் செலவும் மிச்சமாவது அடுத்ததே.

பாம்பனுக்கு அருகிலுள்ள மண்டபம் ஊர்க் கரையில் மீனவர்கள் வலையை மணலில் விரித்து, கண்ணி கண்ணியாக விரலால் தடவிக் கிழிசலைத் தேடுவதும் இதே காரணத்துக்காகத்தான்: கரையில் கண்ட கிழிசலுக்கு நூல் போதும், கடலில் கண்டால் அன்றைய பாடு போய்விடும்.

மெய்நிகர்ச் சோதனையைச் செய்துவிட்டால் நேரடிச் சோதனை தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, ஏனெனில் உப்புக்காற்று அரித்த கம்பி முனையும் தளர்ந்த திருகும் அந்த மாதிரிக்குள் இருப்பதில்லை.