பரங்கிக்காய் மசாலா சிரப்: கூழாகாமல், கொழகொழக்காமல்

இலையுதிர் காலக் காபிக்கும் பாலுக்கும் கலக்கும் பரங்கிக்காய் சிரப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இந்த இதழில்.

கேள்வி: வீட்டில் இந்த சிரப் செய்து பார்த்தேன். பாகுபோல வராமல் கூழாக நின்றுவிட்டது. சரியான அளவும் செய்முறையும் சொல்லுங்களேன்.

பரங்கிக்காய் விழுது கூடிப்போயிருக்கும். பெயரில் பரங்கிக்காய் இருந்தாலும் இந்த சிரப்புக்கு மணம் கொடுப்பது மசாலாதான். காயின் பங்கு நிறமும் கொஞ்சம் கெட்டித்தன்மையும் மட்டுமே. 250 மி.லி. தண்ணீருக்கு 60 கிராம் விழுது, அதாவது 4 மேசைக்கரண்டி, தாராளம்.

மற்ற அளவுகள்: வெள்ளைச் சர்க்கரை 100 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், விரல் நீளப் பட்டை 2, கிராம்பு 6, சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, துருவிய ஜாதிக்காய் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி. கிராம்பை எண்ணித்தான் போட வேண்டும். எட்டு, பத்து என்று ஏறினால் நாக்கு மரத்துப்போய் வேறெந்த ருசியும் தெரியாது.

பட்டையையும் கிராம்பையும் ஒன்றிரண்டாகத் தட்டித் தண்ணீரில் போட்டு, மூடி, சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். மசாலாவின் சாரம் முதலில் தண்ணீரில் இறங்கட்டும். பிறகு சர்க்கரை, அது கரைந்ததும் விழுது, சுக்கு, உப்பு. இனி மூடி வேண்டாம். 10 நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். விழுது சேர்ந்த பாகு கையில் தெறிக்கும் என்பதால் ஆழமான பாத்திரம் நல்லது. அடுப்பை அணைத்த பிறகே ஜாதிக்காயும் வெனிலாவும். கொதியில் போட்டால் இரண்டின் மணமும் ஆவியோடு போய்விடும். மூடி வைத்து 15 நிமிடம் ஊறவிடுங்கள்.

வடிகட்டுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முதலில் சல்லடையில் ஒரு முறை, பிறகு நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியில் ஒரு முறை. சூடு ஆறுவதற்குள் துணியில் ஊற்றி, தானாகச் சொட்ட அரைமணி நேரம் விடுங்கள். துணியை முறுக்கினால் நார்த்தூளும் கூடவே இறங்கி, கோப்பையின் அடியில் மணல்போலத் தங்கும். ஏறத்தாழ 300 மி.லி. சிரப் கிடைக்கும்.

விழுதுக்குக் காயை ஆவியில் வேகவைத்து, தண்ணீர் விடாமல் மசித்து, துணியில் கொஞ்ச நேரம் வடியவிட வேண்டும். டின்னில் வாங்கினால் உள்ளே பரங்கிக்காய் மட்டும்தானா என்று பாருங்கள். ‘பை ஃபில்லிங்’ என்று இருப்பதில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். மேலே சொன்ன அளவு அதற்குப் பொருந்தாது.

கேள்வி: செய்த அன்று நன்றாக இருந்தது. மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் கொழகொழவென்று நூல் விடுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

பட்டையைப் பொடியாகப் போட்டிருப்பீர்கள். பட்டை மரத்தின் தோலில் வெண்டைக்காயில் இருப்பதுபோல ஒரு வழவழப்புப் பொருள் உண்டு. தோலைப் பொடித்து வெந்நீரில் போட்டால் அது தண்ணீரை இழுத்து உப்பும். குளிர்ந்ததும் கரண்டியோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வரும். புளித்த வாடையோ நுரையோ இல்லாமல், மறுநாளே இப்படி ஆனால் காரணம் இதுதான். குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் வடிகட்டி எடுக்க முடியாது. அடுத்த முறை குச்சியாகவே போடுங்கள். பொடிதான் இருக்கிறதென்றால் அரைத் தேக்கரண்டியோடு நிறுத்தி, கடைசி 2 நிமிடம் மட்டும் கொதிக்கவிட்டு, துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள்.

கேள்வி: பாட்டிலின் அடியில் கற்கண்டு மாதிரி கட்டுகிறதே?

அதிகம் காய்ந்துவிட்டது. இதற்குப் பிசுக்குப் பதமே போதும். கம்பிப் பதம் வரை போகக் கூடாது. சூட்டில் தண்ணீராகத்தான் தெரியும், ஆறினால் கெட்டிப்படும். கட்டிய சிரப்பில் 2 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மெல்லச் சூடாக்கினால் கரைந்துவிடும்.

கேள்வி: சுக்குக்குப் பதில் இஞ்சி போட்டேன். சூடான பாலில் ஊற்றியதும் பால் திரிந்துவிட்டது. ஏன்?

பச்சை இஞ்சியில் பால் புரதத்தை அறுக்கும் நொதி ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது செயலிழந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு இஞ்சியைத் துருவிச் சேர்த்தால் உயிரோடு இருந்து பாலைத் திரிக்கும். இஞ்சிதான் வேண்டும் என்றால் பட்டை, கிராம்போடு முதலிலேயே போட்டுவிடுங்கள்.

இஞ்சியே இல்லாமலும் சில நேரம் திரியும். புளிப்பு தூக்கலான காபியோடு கொதிக்கக் கொதிக்கப் பால் சேர்வது காரணம். கோப்பையில் முதலில் சிரப், அதன்மேல் காபி, கலக்கிய பிறகு 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் பால், இந்த வரிசையில் ஊற்றிப் பாருங்கள். 240 மி.லி. கோப்பைக்கு 2 மேசைக்கரண்டி சிரப் சரியாக இருக்கும். ஐஸ் போட்டால் இன்னும் அரைக்கரண்டி கூடலாம், குளிர்ச்சியில் இனிப்பு மட்டாகத் தெரியும்.

கேள்வி: நிறையச் செய்து, பாட்டிலில் அடைத்து, அலமாரியில் வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சர்க்கரை இருப்பதால் கெடாது என்று நம்பிவிட வேண்டாம். இந்த அளவு சர்க்கரை ஜாமைப் போலக் காக்காது. பரங்கிக்காயில் புளிப்பும் குறைவு. புளிப்பில்லாத பண்டத்தைக் காற்றுப் புகாமல் அடைத்து வெளியே வைத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். பாட்டிலை வெந்நீரில் கொதிக்க வைப்பதால் அதன் வித்துகள் சாகாது. நச்சு இருப்பது வாடையிலோ நிறத்திலோ தெரியாமலும் போகலாம். வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடி பாட்டிலில், ஃபிரிட்ஜில், 10 நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃபிரீசரில் 3 மாதம் வைக்கலாம். சர்க்கரை இருப்பதால் கல்லாக உறையாது, கரண்டியால் எடுக்கலாம்.

கேள்வி: ஸ்டார்பக்ஸ் காபியில் நிஜமாகவே பரங்கிக்காய் இருக்கிறதா?

‘பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே’ என்ற அந்தப் பானம் 2003-ல் அறிமுகமானபோது கிடையாது, மசாலா மணம்தான். 2015-ல்தான் பரங்கிக்காய் விழுது சேர்த்தார்கள்.

கேள்வி: துணியில் தங்கும் சக்கையை என்ன செய்வது?

பட்டை, கிராம்புத் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, கேக் அல்லது பான்கேக் மாவில் கலந்துவிடுங்கள். அந்த மாவுக்கான சர்க்கரையில் 2 மேசைக்கரண்டி குறைக்க வேண்டும். ஃபிரிட்ஜில் 3 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.