ஐந்துக்கு எத்தனை?

கேள்வி: அண்மையில் வாசித்த ஆறு நூல்களுக்கு, ஐந்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு ஒரு பட்டியல் அனுப்பியுள்ளேன். உங்கள் இதழும் மதிப்புரைகளின் கீழ் இவ்வாறு புள்ளி வழங்கினால், வாங்கலாமா வேண்டாமா என்று வாசகர் உடனே முடிவெடுக்கலாம் அல்லவா?
- வாசகி ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: வழங்க மாட்டோம். அதற்கான காரணம் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. அதிலுள்ள ஆறு நூல்களுள் ஐந்து நூல்கள் தலா நான்கு புள்ளி பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று சிறுகதைத் தொகுதி, ஒன்று ஊர் வரலாறு, இன்னொன்று சிறுவர் பாடல். இவை மூன்றும் எவ்வகையில் ஒரே தரத்தன என்பதைப் பலமுறை பார்த்தும் என்னால் அறிய முடியவில்லை.

புள்ளி, அதை இட்டவரை மறைத்துவிடுகிறது. கிழக்கிலங்கைக் கவிஞர் நீலாவணன் 1975இல் மறைந்த பின்னர், 1982இல் நூலாக வெளிவந்த ‘வேளாண்மை’ காவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டை, களவெட்டி, போடியார், பொலி என்ற வயல்சார்ந்த சொற்கள் அன்றாடம் புழங்கும் வீட்டில் பிறந்த ஒருவர், தம் தகப்பனாரின் குரலையே அதில் கேட்டு ஐந்து புள்ளி இடக்கூடும். வயற்கரையையே காணாத ஒருவர் சொல்லுக்குச் சொல் பொருள் தேடிக் களைத்து இரண்டு இடக்கூடும். இருவரும் நேர்மையானவர்களே. ஆனால், இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் மூன்றரை இருவரில் எவருடைய வாசிப்பும் அன்று.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பகுதியில் ஒரு நூல் பெரும்பாலும் 300 அல்லது 500 பிரதிகளே அச்சாகிறது. எழுதியவர் நம் பிள்ளைக்குப் படிப்பித்தவராக இருப்பார், அல்லது வெளியீட்டு விழாவில் உறையில் பணம் வைத்துக் கொடுத்துப் பிரதி பெற்ற நம்மைக் கைகூப்பி வரவேற்றவராக இருப்பார். அவருடைய நூலுக்கு இரண்டு புள்ளி இட யாருக்கு மனம் வரும்? ஆகவே எல்லாருக்கும் நான்கு. வசனமாக எழுதும்போதோ, “முதற்பாதி நன்று, பிற்பாதியில் பாத்திரங்கள் பேசுவதை விட்டுவிட்டு ஆசிரியரே பேசுகிறார்” என்று அவர் முகத்துக்கு நேரேயும் சொல்லக்கூடியதைச் சொல்லலாம். அவரும் அடுத்த நூலில் அதைத் திருத்திக்கொள்ளலாம்.

புத்தகம் விற்கும் விலையில் தெரிந்து வாங்க வேண்டும் என்ற உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு மதிப்புரையின் கீழும் பக்க எண்ணிக்கை, விலை, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நூல் கிடைக்கும் கடை ஆகிய விபரங்களைத் தருவோம். இதுவரை தராதது எமது தவறு.

உங்கள் பட்டியலில் மூன்றாவதாக உள்ள நாவலுக்கு மட்டும் இரண்டு புள்ளி இட்டு, ஓரத்தில், “கடைசி அத்தியாயத்தை இரண்டு தரம் வாசித்தேன்” என்று பென்சிலால் குறித்திருக்கிறீர்கள். பிடிக்காத நாவலின் கடைசி அத்தியாயத்தை ஏன் இரண்டு தரம் வாசித்தீர்கள்? அதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். மதிப்புரைப் பகுதியில் முதலாவதாக வெளியிடுகிறோம்.