அப்பா ஏ, அம்மா பி, பாப்பா மட்டும் எப்படி ஓ?

பட்டர்வொர்த்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு ஏ பாசிட்டிவ், தனக்கு பி பாசிட்டிவ், நாலு மாசப் பாப்பாவுக்கு ஓ பாசிட்டிவ்னு ரிப்போர்ட் வந்திருக்காம். "எங்க பரம்பரையிலயே ஓ கிடையாதே"ன்னு மாமியார் ஒரு வார்த்தை விட்டுட்டாங்க, அதுல இருந்து வீட்டுல யாரும் முகம் குடுத்துப் பேசறதில்ல. நடுவுல யாரோ ஒரு ஏஜென்ட் வாட்ஸ்அப்ல வந்து, ரகசியமா டிஎன்ஏ டெஸ்ட் முடிச்சுக் குடுக்குறேன்னு சொல்றாராம். எடுக்கலாமான்னு கேள்வி.

வேணாம்மா. ஏ-க்கும் பி-க்கும் ஓ குழந்தை பொறக்கும், இதுல சந்தேகப்பட ஒண்ணுமே இல்ல.

ஒவ்வொருத்தர்கிட்டயும் ரத்த குரூப்புக்கு ரெண்டு சீட்டு இருக்குன்னு வச்சுக்குங்க, ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. ஏ, பி ரெண்டும் ஓங்கு பண்பு, ஒரு சீட்டு இருந்தாலே வெளிய தெரிஞ்சிடும். ஓ ஒடுங்கு பண்பு, ரெண்டு சீட்டும் ஓ-வா இருந்தாத்தான் தெரியும். உங்க வீட்டுக்காரர் ஏ கூட ஒரு ஓ-வை ஒளிச்சு வச்சிருக்காரு, நீங்க பி கூட. பாப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ஓ-வை வாங்கிருக்கா. இந்த ஜோடிக்கு ஏ, பி, ஏபி, ஓ நாலுமே பொறக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் நாலுல ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு பிரசவத்துக்கும் கணக்கு புதுசா ஆரம்பிக்கும்.

நான் முப்பது வருஷம் பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ரத்த லேப்ல வேலை பார்த்தவன். வெள்ளை டைல்ல ரெண்டு சொட்டு ரத்தம் வச்சு, ஒண்ணுல நீலக்கலர் மருந்தும் இன்னொண்ணுல மஞ்சளும் விட்டு கலக்குவோம். நீலத்துல திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா ஒதுங்குனா ஏ, மஞ்சள்ல ஒதுங்குனா பி, ரெண்டுலயும் வழவழன்னு அப்படியே இருந்தா ஓ. ஒளிஞ்சிருக்குற ஓ அந்த டைல்ல தெரியவே தெரியாது, அதனால கார்டுல வெறும் ஏ-ன்னு எழுதிக் குடுத்துடுவோம். மூணு மணி நேரம் நம்பர் எடுத்து உக்கார வச்சுட்டு, கடைசியில ஒரு நிமிஷம் இதை விளக்க ஆளில்லாத கிளினிக்குகளைப் பார்த்தா எனக்கு ஆத்திரம் வருது. படிவம் ஐந்து பயோலஜியில அலெல் டோமினான் (ஓங்கு பண்பு), அலெல் ரெசெசிஃப் (ஒடுங்கு பண்பு)னு மனப்பாடம் பண்ணி எஸ்பிஎம் பரீட்சை எழுதறோம், அதே விஷயம் வீட்டுல வந்து நிக்கறப்போ யாருக்கும் ஞாபகம் வரதில்ல.

இப்ப அந்த ஏஜென்ட் விஷயம். பயத்துல இருக்குற குடும்பத்தைத்தான் இவங்க தேடிப் பிடிப்பாங்க. பஞ்சுக்குச்சி ரெண்டு குடுத்து, கன்னத்து உள்பக்கம் தேச்சு கூரியர்ல அனுப்புங்கன்னு சொல்வாங்க, அது யாரோட எச்சில்னு சரிபார்க்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, நாளைக்கு கோர்ட்டுக்குப் போனா அந்தப் பேப்பர் நிக்காது. என் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ஒரு ஏஜென்ட்கிட்ட காசு கட்டிட்டு ரெண்டு மாசம் காத்திருந்தான், கடைசி வரைக்கும் ரிப்போர்ட் வரல, அந்த நம்பரும் செத்துப்போச்சு. உண்மையிலேயே டெஸ்ட் தேவைப்பட்டா அடையாள அட்டையைப் பார்த்து, சாட்சி முன்னாடி சேம்பிள் எடுக்குற லேப்லதான் எடுக்கணும். உங்களுக்கு அதுவும் தேவையில்ல.

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம ஆளுங்கள்ல இது இருக்கு. பாம்பே குரூப்னு பேரு, 1952-ல பம்பாய்ல கண்டுபிடிச்சு எழுதுனாங்க. ஏ, பி ரெண்டும் ரத்தத்துல வந்து ஒட்டிக்க எச்-னு ஒரு அடித்தளம் வேணும், அதுவே இல்லாதவங்களுக்கு உள்ள ஏ சீட்டு இருந்தாலும் டைல்ல ஓ-ன்னுதான் வரும். அதனால ஓ-ன்னு கார்டு வச்சிருக்குற அம்மாவுக்கும் ஓ அப்பாவுக்கும் ஏ குழந்தை பொறந்து குடும்பமே உடையப் பார்க்கும். இந்த எச் இல்லாத சீட்டும் ஒடுங்கு பண்புதான், ரெண்டு பக்கமும் வரணும், மாமன் மகள், அத்தை மகன்னு நெருங்கிக் கட்டுற குடும்பத்துல சேர வாய்ப்பு கூடும். இந்தியாவுலயே சுமாரா 10,000 பேர்ல ஒருத்தருக்குத்தான் இருக்குன்னு சொல்வாங்க, ஆனா அவங்களுக்கு சாதாரண ஓ ரத்தம் ஏத்துனா உயிருக்கே ஆபத்து. ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி கிராஸ்மேட்ச், அதாவது குடுக்குறவர் ரத்தமும் வாங்குறவர் ரத்தமும் ஒத்துப்போகுதான்னு கலந்து பார்க்குறது, இதுக்காகவும்தான். உங்க பாப்பா கதைக்கு இது தேவைப்படல.

பாப்பாவுக்கு ஒரு வயசு தாண்டுனதும் குரூப்பை இன்னொரு தடவை பார்த்துடுங்க. சின்னக் குழந்தைக்கு ஏ, பி அடையாளம் இன்னும் முழுசா வளந்திருக்காது, அதனால சில நேரம் மங்கலா விழும். வீட்டுக்காரரோட ஏ எங்க எழுதுனதுன்னும் கேளுங்க, ஏதாவது பழைய கார்டுல இருந்ததுன்னா அதையும் திரும்ப எடுங்க.

மாமியார்கிட்ட இதை மட்டும் பொறுமையா சொல்லுங்க: உங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்குற அந்த ஓ சீட்டு வெளிய இருந்து வரல, அவங்க குடுத்திருக்கணும், இல்ல மாமனார் குடுத்திருக்கணும். மாமியார் ஏபி-யா இருந்தா குடுத்திருக்கவே முடியாது, அப்போ மாமனார்தான்.