மீண்டார், மீட்டார்: எங்கே எது வரும்?

'மீண்டார்', 'மீட்டார்' இரண்டும் ஒன்றுதானா என்பது கேள்வி. ஒன்றல்ல.

கைவிட்டுப் போனதைத் திரும்பத் தன்வசமாக்குவது மீட்டல்; சிக்கியிருப்பதை வெளியே கொண்டுவருவதும் மீட்டல்தான். உடைமை என்றால் முன்பு கையில் இருந்திருக்க வேண்டும், இடையில் போயிருக்க வேண்டும். நாகர்கோவிலில் பணயம் வைத்த சங்கிலியை அசலும் வட்டியும் கட்டி எடுத்தால் மீட்டது. அதே எடையில் கடையில் புதிதாக எடுத்தால் வாங்கியது. (பேச்சில் நகையைத் 'திருப்பினேன்' என்போம், அதுவும் சரிதான்.)

இரண்டுக்கும் வேர் 'மீள்'. தானே திரும்பினால் மீள்கிறார், மீண்டார், மீள்வார். ஒருவர் இன்னொன்றைத் திரும்பக் கொண்டுவந்தால் மீட்கிறார், மீட்டார், மீட்பார். சேர்ந்தார், சேர்த்தார் என்பதில் உள்ள அதே வேறுபாடு. 2017 ஒக்கிப் புயலில் சிக்கி, தாமே படகைக் கரைசேர்த்த குமரி மீனவர்கள் மீண்டவர்கள். கடலோரக் காவல் படை ஏற்றிவந்தவர்கள் மீட்கப்பட்டவர்கள். 'நோயிலிருந்து மீண்டார்' சரி. 'நோயிலிருந்து மீட்டார்' என்றால் யாரை என்ற கேள்வி தொங்கி நிற்கும்.

செய்திகளில்கூட 'சடலத்தை மீட்டினர்' என்று எழுதிவிடுகிறார்கள். மீட்டுவது வீணையை, சடலத்தை 'மீட்டனர்' என்றே எழுத வேண்டும்.