பின்னணி என்ன என்று கேட்டால் என்ன எழுதுவது?

தம்பி, இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, மனசுக்கு ஓவியம், வருமானத்துக்கு கிராஃபிக் டிசைன் என்று எழுதியிருந்தீர்கள். விண்ணப்பிக்கிற இடமெல்லாம் உங்கள் பின்னணியைப் பற்றியும், உங்கள் கலைக்குத் தூண்டுதல் எது என்றும் அரைப் பக்கம் கேட்கிறார்களாம். எங்கிருந்து வந்தோம் என்பதைத் தூக்கிக் காட்டுவதா, அடக்கி வாசிப்பதா என்பது உங்கள் கேள்வி. நான் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அந்த அரைப் பக்கத்தை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தவன் நான்.

முதலில் மறைத்தேன். என் வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் இருந்த தமிழ் எழுத்து வேலைகளை எடுத்துவிட்டு, இங்குள்ளவர்களைப் போலவே நிறைய வெள்ளை இடமும் மெல்லிய எழுத்துமாகச் செய்து வைத்தேன். யாரும் கூப்பிடவில்லை. அந்த வேலையை இங்கேயே படித்தவர்கள் என்னைவிட நன்றாகச் செய்தார்கள். அப்புறம் நேர்மாறாகப் போனேன். அடர்ந்த நிறம், கரை முழுக்க அலங்காரம். வேலை கிடைத்தது. ஆனால் அந்த நிறுவனத்தில் 'கிழக்கு நாட்டுச் சாயல்' வேண்டும் என்று வருகிற வேலை மட்டும்தான் என் மேசைக்கு வரும். இரண்டு வருடம் அப்படிப் போனது. இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

எனக்கு வழி காட்டியது ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸின் வாழ்க்கை. 1888-இல் ஜெர்மனியில் பிறந்தவர். அவர் பாடம் நடத்திய பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளி மூடப்பட்ட 1933-இல், 45 வயதில், ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாமலே அமெரிக்காவுக்குப் போய்ப் பாடம் நடத்தத் தொடங்கினார். 1950-இலிருந்து 1976-இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரம் என்று ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். அவற்றில் ஜெர்மனி எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஆனால் அவருடைய அப்பா வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். கதவுக்கு அடிக்கும்போது நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக வர வேண்டும், அப்போதுதான் வழிகிற வண்ணத்தை வாரிக்கொள்ளலாம், சட்டைக் கையிலும் படாது என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆல்பர்ஸ் அந்தச் சதுரங்களையும் நடுவிலிருந்துதான் வரைந்துகொண்டு வந்தார்.

இதைப் படித்த அன்று நான் போர்டு எழுதக் கற்ற நாட்கள் ஞாபகம் வந்தன. பதினைந்து வயதில் ஒரு போர்டு ஓவியரிடம் எடுபிடியாக இருந்தேன். சுண்ணாம்பு தடவிய நூலைச் சுண்டிக் கோடு போடுவது, இடது கையில் குச்சியை ஊன்றி அதன்மேல் வலது கையை வைத்து இழுப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். அதைவிட முக்கியம், இடைவெளியை ஸ்கேலால் அளக்காமல் கண்ணால் அளப்பது. வளைந்த இரண்டு எழுத்துகளை நேர்க்கோட்டு எழுத்துகளுக்கு விடுகிற அதே இடைவெளியில் வைத்தால் பிரிந்து தெரியும், கொஞ்சம் நெருக்க வேண்டும். வட்டமான எழுத்து கோட்டைத் துளி தாண்டினால்தான் மற்றதற்குச் சமமாகத் தெரியும். ஆங்கில எழுத்துக்கும் இது அப்படியே பொருந்தும். என் அரைப் பக்கத்தில் இதை எழுதினேன். அடுத்த நேர்காணலில் எந்த நாடு என்ற பேச்சே வரவில்லை, முக்கால் மணி நேரம் எழுத்து இடைவெளியைப் பற்றியே பேசினோம். லோகோ, புத்தக அட்டை எல்லாம் என் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே எந்த நாட்டுக்காரன் என்பதை ஒரு வரியில் முடித்துவிடுங்கள். உங்கள் கை எதைச் செய்து பழகியது, யார் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தது என்று எழுதுங்கள். தூண்டுதல் என்ற இடத்தில் பெரிய ஓவியர்களின் பெயரை அடுக்க வேண்டாம். ஒரே ஒருவரைச் சொல்லி, அவரிடமிருந்து எதை எடுத்தீர்கள், அது உங்களுடைய எந்த வேலையில் இருக்கிறது என்று காட்டினால் போதும்.

ஓவியம் நின்றுபோனதாகவும் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. நாள் முழுக்கத் திரையில் ஒளியாகத் தெரியும் நிறத்தோடு இருந்தால், வண்ணத்தைக் குழைக்கும் கை மரத்துப்போகிறது. திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் வரும், தட்டில் குழைத்தால் மண் நிறம்தான் வரும். தினமும் வெளியே பார்த்த ஒரு நிறத்தை, ஒன்றே ஒன்றை, வாட்டர்கலரில் குழைத்து உள்ளங்கை அளவு தாளில் தீட்டி வையுங்கள். இங்கே குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்தே போகும், நிழல் நீண்டு நீலமாக விழும். எனக்கு முதலில் அது வெறும் சாம்பலாகத்தான் தெரிந்தது. இரண்டு மாதம் குழைத்த பிறகுதான் அதற்குள் ஊதாவும் பச்சையும் இருப்பது தெரிந்தது. என் முதல் கண்காட்சி முழுவதும் அந்தச் சின்னத் தாள்களிலிருந்து வந்தது.

டிசைன் உங்கள் ஓவியத்தைத் தின்றுவிடும் என்று பயப்படுகிறீர்கள். செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூகா 1887-இல் பாரிஸுக்கு வந்து, சில வருடம் பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் படம் போட்டுப் பிழைத்தார். 1894 கடைசியில் நடிகை சாரா பெர்ன்ஹார்டுக்காகச் செய்த ஒரு போஸ்டர்தான் பெயர் வாங்கித் தந்தது. ஸ்லாவ் மக்களின் வரலாற்றைச் சொல்லும் 20 பெரிய ஓவியங்களை அதற்கெல்லாம் பிறகு வரைந்து, 1928-இல் பிராக் நகரத்திடம் ஒப்படைத்தார். நீங்கள் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

இன்று இரவே அந்த அரைப் பக்கத்தை எழுதுங்கள், முதலில் தமிழில். எனக்கு அனுப்பினால் படித்துவிட்டுச் சொல்கிறேன்.