குடும்ப நீதிமன்ற ஊழியர்களின் வேலையை யாராவது அளக்கிறார்களா?

‘கேஸ் நகரவே மாட்டேன் என்கிறது, அங்கே இருக்கும் ஊழியர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள், அதற்கு ஏதாவது கணக்கு உண்டா’ என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்தா வாய்தாவாக அலைந்து நொந்துபோய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பதினொரு வருடம் குடும்ப நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக, அதாவது நீதிபதிக்கு முன்னால் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைக் கவனிக்கும் ஊழியராக இருந்தவன் நான். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

கணக்கு உண்டு. மாதா மாதம் ஸ்டேட்மென்ட் போகும். பழைய நிலுவை, புதிதாக வந்தது, முடிந்தது, மீதி. அதில் இரண்டு பேரும் ஒத்துப்போய் வாங்கும் விவாகரத்தும் ஒன்றுதான், வருடக்கணக்கில் சாட்சி விசாரிக்கும் குழந்தை வழக்கும் ஒன்றுதான்.

ஜீவனாம்ச வழக்கைப் பாருங்கள். உத்தரவு போட்ட அன்றே அது ‘முடிந்தது’ பக்கம் போய்விடும். எங்களுக்கு அன்றைக்குத்தான் வேலை தொடங்கும். ஜீவனாம்சம் கேட்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 144. பணம் வரவில்லை என்றால், அதைக் கொடுத்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும். அதனால் அதே அம்மா திரும்பத் திரும்ப வருவார். மனுவுக்கு ஒரு நம்பர் உண்டு. நோட்டீஸ் எழுதுவது, வாரண்ட் அனுப்புவது, ‘ஆள் ஊரில் இல்லை’ என்று அது திரும்பி வந்தால் மறுபடி எழுதுவது, இதற்கெல்லாம் நம்பர் கிடையாது.

ஒரு சனிக்கிழமை. ஒரு அப்பா இரண்டு வருடம் கழித்துத் தன் மகளைப் பார்க்க நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். குழந்தைக்கு ஐந்து வயது. ஆலோசகர் லீவு. குழந்தை என் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தேதி முத்திரையையும் மைப் பெட்டியையும் கொடுத்தேன். வீணான தாளின் பின்பக்கம் குத்த ஆரம்பித்தது. தாள் நகர்ந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். நாலு மணிக்கு மூன்று தாள் நிறைந்திருந்தது. பதிவேட்டில் ‘சந்திப்பு நடந்தது’ என்று ஒரு வரி எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். அன்று எடுத்துவைத்திருந்த உத்தரவு நகல்கள் தங்கிவிட்டன. திங்கட்கிழமை அதற்குத் திட்டு வாங்கினேன். அந்த இரண்டு மணி நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஊழியர்கள் எல்லாரும் உத்தமர் என்று சொல்லவில்லை. கேஸ் கட்டைத் தேடாமலே ‘கிடைக்கவில்லை’ என்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். என் மகளுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், “கோர்ட்டு வேலை, சம்பளம் போக எவ்வளவு வரும்?” என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார். காபியைக்கூட முடிக்காமல் எழுந்து வந்தோம். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் வலிக்கிறது.

இன்னும் எத்தனை நீதிபதிகள் வேண்டும் என்று 2014-ல் சட்ட ஆணையத்தின் 245-வது அறிக்கை கணக்குப் போட்டது. நல்ல காரியம். அதேபோல ஒருவர் எங்கள் மேஜைப் பக்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து, எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துப் பார்க்கட்டும். சிறுவர்கள் மீதான குற்ற வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கும் இது வேண்டும். அங்கே நன்னடத்தை அலுவலர் 15 நாளில் சிறுவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடந்தால்தான் அதை எழுத முடியும்.

சரி, உங்களுடையது ஜீவனாம்ச வழக்கென்றால் அந்த ஒரு வருடக் கெடுவை விட்டுவிடாதீர்கள். எந்தெந்த மாதம் எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதி மனுவோடு கொடுங்கள். அதைச் சரிபார்க்கத்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடிக்கும்.